குறுக்குக் கட்டை

“நான் சொல்றத முழுசாக் கேளு. உச்சியிலேருந்து நேரா எறங்கணும், அதிகாரி அப்படியே அசந்து—”

“அசர மாட்டாங்க. அழுதுடுவாங்க. அவங்க சைக்கிள்ல ஏறியே—”

“குறுக்க பேசாத. ரெண்டு குதி, ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஒங்க அண்ணி கூட—”

“அண்ணிய எதுக்கு இழுக்கற—”

“என்னை யாரும் இழுக்க வேணாம். நானே மெதுவா உருட்டிக்கிட்டு வரேன்,” என்றாள் அண்ணி, கல்லா மேஜைக்குப் பின்னாலிருந்து. “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சா கடையத் தொறக்கலாம். வாசல்ல ஒருத்தர் பஞ்சரான டயரத் தோள்ல மாட்டிக்கிட்டு, மாலை போட்ட மாதிரி நிக்கறாரு.”

அண்ணன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தாங்கியில் மாட்டியிருந்த சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிச் சுழலவிட்டான். தங்கை சிரிக்கவில்லை. அவள் சிரித்து ஒரு வாரம் ஆகிறது.

விஷயம் இதுதான். மலைப் பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வன அலுவலகம் ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிறது. அண்ணனுக்கு அது வேண்டும். சின்ன வயதிலிருந்து வேண்டும். அலுவலகம் கேட்டது ஒன்றே ஒன்று. முந்தா நாள் சைக்கிள் பழகியவரும், மலையிலேயே பிறந்தவர் மாதிரி ஓட்டுகிறவரும், ஒரே பாதையில் சேர்ந்து இறங்க வேண்டும். முன்னவர் பயப்படக் கூடாது, பின்னவர் கொட்டாவி விடக் கூடாது.

அண்ணனுக்குப் பாய மட்டுமே தெரியும். ஊரே அவனைச் சூறாவளி என்றுதான் கூப்பிடும். பாதை தேடுகிற பொறுமை தங்கைக்குத்தான். அதனால் அவளுக்கு வழிக்காரி என்று பெயர். பழைய மண் தடங்களை நடந்து நடந்து பார்த்து, எங்கே மிதிக்காமலே சக்கரம் போகிறது, எங்கே பிரேக்கைத் தொடாமலே வளைவு திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகக் கோத்து, ஒரு பாதையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு பாதை. இன்று பிற்பகல் அதிகாரி அதில் இறங்கிப் பார்க்கப் போகிறார்.

“சரிம்மா, ஒன் பாதையிலேயே போவோம். வழவழன்னு எறங்கிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவோம்,” என்றான் அண்ணன். “பாதி வழியில தடம் ரெண்டாக் கவை பிரியுதே, அங்க இடது வாயில குறுக்க அந்தக் கட்ட மட்டும் கெடக்கலேன்னா, நான் அந்தப் பக்கம் பறந்து காட்டியிருப்பேன். அதிகாரிக்கும் ஒரு கண்காட்சி.”

“கட்ட கெடக்குதுல்ல.”

“கெடக்குது, கெடக்குது. மலையில நாங்களும்தான் வளந்தோம். கட்ட கெடந்தா போகக் கூடாது, கட்ட இல்லேன்னா பாதை சரி. இத நீ எனக்குச் சொல்லிக் குடுக்கிற.”

அவள் அவனையே பார்த்தாள். கண் இமைக்காமல் இதைச் சொல்ல எப்படி முடிகிறது இவனுக்கு?

“இன்னொண்ணு,” என்றாள். “கத்துக்குட்டி முன்னால, கைதேர்ந்தவன் கடைசியில. அதுதான் மொற. முன்னால போறவங்க வேகம்தான் எல்லாருக்கும் வேகம். நீ முன்னால பாய்ஞ்சா பின்னால வர்றவங்க ஒன்னத் தொரத்திக்கிட்டு வந்து விழுவாங்க. ஒருத்தர் விழுந்தது போதாதா?”

 சக்கரம் மட்டும் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை விரலால் நிறுத்தினான்.

“மாப்பிள்ள விழுந்தது முன் பிரேக்கப் புடிச்சதால. அதுக்கு நான் என்ன பண்றது?”

“ஆமா. நீ என்ன பண்ணுவ,” என்றாள் தங்கை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். வாசலில் டயர் மாலைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

முன் பிரேக். இந்த இரண்டு வருஷத்தில் அந்தச் சொல் குடும்பத்தில் ஒரு நகைச்சுவையாகவே நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது தடுக்கினால் முன் பிரேக். குழந்தை பாலைக் கொட்டினால் முன் பிரேக். அவள் கணவரும் கூடவே சிரிப்பார். பல் வைத்தியர் அவர். வலது தோள் நொறுங்கி ஒட்டவைத்த பிறகு, நோயாளியின் வாய்க்கு நேரே கையைத் தூக்கிப் பிடிக்க முடியாது. இப்போது வேறு ஒரு டாக்டர் வந்து வைத்தியம் பார்க்கிறார். இவர் தன் சொந்தக் கிளினிக்கிலேயே முன்னறையில் உட்கார்ந்து, “அடுத்தவங்க வாங்க” என்று குரல் கொடுக்கிறார்.

அவளும் நம்பித்தான் இருந்தாள். மனுஷர் பதறியிருப்பார், பிடித்திருப்பார், கவிழ்ந்திருப்பார்.

போன வாரம், ஊரே மண்வெட்டி என்று கூப்பிடுகிறவர் வந்து சொல்கிற வரைக்கும். மலைத் தடங்களை வெட்டிச் செதுக்குகிற அந்த மனிதர் மகளோடு போய் இருக்கப் போவதாக விடைபெற வந்தவர், வாசல்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “மனசுல வச்சுக்கிட்டுப் போக முடியல தாயி. ஒங்க வீட்டுக்காரர் விழுந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கட்டையத் தூக்கி எறிஞ்சுட்டு இடது பக்கம் குதிச்சு வெளையாடினது ஒங்க அண்ணன். திரும்ப வைக்கல. மறுநாள் ஒங்க வீட்டுக்காரர ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்புறம், நான்தான் போய்க் கட்டைய எடுத்து வச்சேன். ஒங்க அண்ணன் பாத்துக்கிட்டேதான் நின்னான்.”

அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். பாரம் மட்டும் வாசலில் இறங்கிவிட்டது.

வீட்டில் கணவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இடது கையால். இரண்டு வருஷமாகியும் இடது கை இன்னும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. வெண்ணெய் ஒரு மூலையில் மேடாகவும் இன்னொரு மூலையில் வெறுமையாகவும் கிடந்தது.

“சண்டையா?” என்றார்.

“யாரு சொன்னா?”

“ஹெல்மெட்ட வச்ச சத்தம் சொல்லுச்சு.”

அவள் கத்தியை வாங்கித் தடவிக் கொடுத்தாள். குனிந்தபோது அவர் பேண்ட்டின் ஓரத்தில் கறுப்பாக மசகுக் கறை தெரிந்தது. தன் சைக்கிளில் உரசிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். முன்கூடத்தில் அதை நிறுத்தி வைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

“மச்சானுக்கு இன்னிக்கு நல்லபடியா முடியணும்,” என்றார் அவர், ரொட்டியைக் கடித்துக்கொண்டே. “பாவம், ரொம்ப நாள் ஆசை.”

“ஒங்களுக்கு அவன் மேல கோபமே வராதா?”

“எதுக்கு? அவரா என்னத் தள்ளிவிட்டாரு?”

நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினாள். ஒரு வாரமாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார். பிறகு, “சரி விடு, வேணும்னேவா பண்ணினாரு” என்பார். அவருக்கு மன்னிப்பது ஒரு வியாதி. பல் ஆடுகிற மாதிரி ஆடி ஆடித் தானாகவே விழுந்துவிடும் அவர் கோபம். அவள் அப்படிப் பிறக்கவில்லை. அவளுக்கு வேர் ஆழம். பிடுங்கத்தான் வேண்டும்.

“நான் முன்னாலயே மலைக்குப் போறேன். மழைக்கப்புறம் தண்ணி எங்கயாவது தேங்கியிருக்கான்னு பாக்கணும்,” என்றாள்.

“பாத்துப் போ,” என்றார். ஏதோ சொல்ல வந்து, சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும், நின்று கேட்கவில்லை. அவள் மனம் அப்போதே பாதி மலை ஏறியிருந்தது.

மலை நனைந்து காய்ந்து, காலடிக்கு மெத்தென்று இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு கீழிருந்தே ஏறினாள். வளைவுக்கு வளைவு நின்று, பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தடத்தில் ஊற்றினாள். அவள் பாதை பார்க்கிற விதமே அதுதான். தண்ணீர் தயங்குகிற இடத்தில் சக்கரமும் தயங்கும். தண்ணீர் ஒரே பக்கம் பாய்ந்தால் பழகாதவர் அந்தப் பக்கமே சரிவார். ஊற்றின தண்ணீர் தடத்தின் நடுவிலேயே சாவகாசமாக வழிந்து, மேட்டில் மூச்சு வாங்கி, மறுபடி இறங்கினால், அது எல்லோருக்குமான பாதை. பழகாதவர் மேட்டின் மேல் உருண்டு போவார். தெரிந்தவர் அதே மேட்டிலிருந்து எழும்பிப் போவார். ஒருவருக்கொருவர் தொந்தரவே இல்லை.

தண்ணீர் அழகாகத்தான் ஓடியது. நல்ல பாதை. தன் கையால் செய்த நல்ல காரியம் ஒன்று கண்முன் இருக்கும்போது கூட மனசு ஏன் இப்படிக் கொதிக்கிறது?

கவைக்கு வந்து சேர்ந்தாள். தடம் இரண்டாகப் பிரிகிறது. வலது வாய் குறுகல், புதர் மறைப்பு. ஆனால் உள்ளே போனால் பட்டு மாதிரி. இடது வாய் அகலம், பார்க்க ராஜபாட்டை. பத்தடி உள்ளே போனதும் தரை அற்றுப்போய்க் கீழே பள்ளம். முன்பெல்லாம் பறந்து வந்து இறங்குவதற்குப் பள்ளத்தின் அடியில் சரிவாக மண் கட்டியிருந்தது. கடைசி மழை அதைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கே வெறும் கல். அண்ணனுக்கு அது தெரியாது. மழைக்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை.

இடது வாயின் குறுக்கே கட்டை கிடந்தது. தொடை கனம். மண்வெட்டி எடுத்து வைத்த அதே கட்டை.

அவள் கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே யோசித்தாள். முன்னால் வருவது அண்ணன்தான். அதில் சந்தேகமே இல்லை. முறை, கிறை என்று யார் என்ன சொன்னாலும் அவன் ஒருவர் பின்னால் வந்த சரித்திரம் கிடையாது. கட்டை இல்லை என்று பார்ப்பான். பாதை சரியாகிவிட்டது என்று நினைப்பான். பறப்பான். மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை. மலையில் ஒரு வழக்கம் உண்டு: முன்னால் போகிறவர் கைப்பிடியில் மணி கட்டிக்கொள்வார், அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கின பிறகுதான் அடுத்தவர் கிளம்புவார். அந்த இடைவெளியில் அவள் கவைக்கு ஓடி வந்து நின்று, மற்ற எல்லோரையும் வலது பக்கம் அனுப்பிவிடலாம்.

சாக மாட்டான். ஹெல்மெட் இருக்கிறது, நெஞ்சுக் கவசம் இருக்கிறது. ஒரு தோள் போகும். அதிகாரி கண்ணெதிரே போகும். பிறகு குடும்பத்தில் உட்கார்ந்து பேசட்டும், யார் எந்த பிரேக்கைப் பிடித்தார்கள் என்று.

“உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்,” என்று வாய்விட்டே சொன்னாள், கேட்க ஆளில்லாத மரங்களிடம். எழுந்தாள். கட்டையின் ஒரு முனையைத் தூக்கி, நிமிர்த்தி, புதருக்குள் தள்ளினாள். உருண்டு போய் இலைகளுக்குள் மறைந்தது. கை சிராய்த்தது. அதை நக்கிக்கொண்டாள், உப்பாக இருந்தது.

பிற்பகல். வலது தடத்தில் கவைக்குச் சற்றுக் கீழே, ஒரு வளைவில் நின்றாள். அங்கிருந்து புதர் இடுக்கு வழியே இடது பள்ளத்தின் அடிக்கல் தெரியும். போனில் அண்ணியின் செய்தி வந்திருந்தது: ‘எல்லாரும் ரெடி நாத்தனாரே. அதிகாரியம்மா ஹெல்மெட்ட முன்பின் மாத்திப் போட்டு நிக்கறாங்க, யாரும் சொல்ல மாட்டேங்கறோம். ஒனக்கு ஒரு ஆச்சரியம் வருது, கீழ நின்னு பாரு.’

ஆச்சரியம். யாருக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே மணி கேட்டது.

மெலிதாக, மரங்களுக்குப் பின்னாலிருந்து. ஒரு வளைவு. இன்னொரு வளைவு.  வா. வந்து பாரு. அன்றைக்கு அவர் எப்படிப் பார்த்தாரோ, அப்படி ஒரு நொடி அந்தரத்தில் தொங்கிப் பாரு.

மணிச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம். கீச்.

அவள் தலையைத் திருப்பினாள். மறுபடி கீச். வளைவுக்கு முன்னால் ஒரு கீச், வளைவு முடிந்ததும் ஒரு சின்னக் கீச், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை அழுகிற மாதிரி விட்டு விட்டு.

பிரேக்.

அண்ணன் பிரேக் பிடிக்க மாட்டான். தண்டனை மாதிரி நினைப்பான் அதை. பிறகு இது யார்? அதிகாரியா? அண்ணியா? அண்ணி பிடித்தால் பிடித்தபடியே வருவாள், நீளமாக ஒரே இழுப்பு. இது அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுப் பிடிக்கிற கை. வெண்ணெயை ஒரு மூலையில் மட்டும் தடவுகிற கை.

பேண்ட் ஓரத்து மசகு. சிரித்து விட்டுவிட்ட வாய். ஒனக்கு ஒரு ஆச்சரியம்.

கத்துக்குட்டி முன்னால என்று சொன்னது யார்? அவளேதான். கடை அதிரச் சொன்னாள்.

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. தடத்தில் ஓடவில்லை, புதரைக் கிழித்துக்கொண்டு நேராக ஏறினாள். முள் முழங்கையைப் பிளந்தது. “வலது!” என்று கத்தினாள். மேலே எட்டவில்லை. மணி தலைக்கு மேலே கேட்டது. கவையின் மேட்டில் அவள் கைகளை ஊன்றி ஏறி எழுந்தபோது, மஞ்சள் சட்டை ஒன்று இரண்டு வாய்களையும் ஒரு கணம் பார்த்துவிட்டு, அகலமான வாயைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிட்டிருந்தது.

கட்டை கிடந்த இடத்தில் போய்க் குறுக்கே நின்றாள்.

கீச். நீளமாக, மெதுவாக, சீராக. முன்சக்கரம் அவள் முழங்காலைத் தொட்டு நின்றது. அவர் ஒரு காலை ஊன்றினார். கவிழவில்லை. ஆடக்கூட இல்லை.

“பாத்தியா,” என்றார், மூச்சு வாங்க. முகமெல்லாம் சிரிப்பு. “ரெண்டு பிரேக்கையும் சேத்து, மெதுவா. ஒங்க அண்ணிதான் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு மாசமா கிளினிக் பின்னாடி ஓட்டிப் பழகறேன். மச்சான் காலையில போன் பண்ணாரு, கத்துக்குட்டி முன்னாலன்னு என் தங்கச்சி உத்தரவு, வாங்க மாப்பிள்ளன்னு. ஒங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம், நேரா வந்து காட்டணும்னுதான்...”

அவர் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“என்னம்மா? முழங்கையெல்லாம் ரத்தமா இருக்கு? உன் பாதை எப்படி இருக்கு தெரியுமா? நான் ஓட்டவே இல்ல. அது என்னத் தூக்கிக்கிட்டு வந்துச்சு.”

 அவர் தோளைத் தொட்டாள், வலது தோளை. எலும்பு ஒட்டின மேடு விரலுக்குத் தட்டுப்பட்டது.

பின்னால் சக்கரம் அரையும் சத்தம். மணி தேய்ந்து அடங்காமல் பாதியில் சட்டென்று நின்றுவிட்டதால் முறையை மீறி அண்ணன் வந்துவிட்டான். பயந்து போய், பாய்ந்து. “மாப்பிள்ள, என்னாச்சு, மணி ஏன்—” என்று இறங்கியவன், தங்கையைப் பார்த்தான். அவள் நிற்கிற இடத்தைப் பார்த்தான். அவள் காலடியில் இரண்டு பக்கமும் அழுந்திப்போயிருந்த மண்ணை, நடுவே கட்டை கிடந்து கிடந்து வெளுத்த பட்டையைப் பார்த்தான்.

ரத்தம் முகத்திலிருந்து வடிவதை அவள் இதுவரை வார்த்தையாகத்தான் கேட்டிருக்கிறாள். இப்போது கண்ணால் பார்த்தாள். சூறாவளி, காற்றுப்போன டியூப் மாதிரி நின்றான். அவன் கண் புதரைத் தேடியது. எந்தப் பக்கம் தள்ளினால் எங்கே போய் விழும் என்று தெரிந்த கண். கட்டை இருந்த இடத்தை அது சரியாகக் கண்டுபிடித்தது. பிறகு அவள் சிராய்த்த உள்ளங்கைக்கு வந்தது. அங்கேயே நின்றது.

இதற்காகத்தான் ஒரு வாரம் காத்திருந்தாள். இந்த முகத்துக்காக. வந்தது. ஆனால் வாயில் வைத்தால் உப்பாகக்கூட இல்லை.

அண்ணியும் அதிகாரியும் மேல் வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. அதிகாரியின் ஹெல்மெட்டை யாரோ சரி செய்திருந்தார்கள்.

“அண்ணா,” என்று அவள் ஆரம்பித்தாள்.

“வேணாம்,” என்றான் அவன், மெதுவாக. “மாப்பிள்ள முன்னால வேணாம்.”

“என்ன என் முன்னால வேணாம்?” என்றார் கணவர். அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, அவளைத் தாண்டி இடது தடத்தில் நடந்தார். தரை அற்றுப்போகிற இடம் வரை போனார். கீழே எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தான் விழுந்த இடத்தை மேலிருந்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. புதரோரம் குனிந்து இலைகளை விலக்கினார். கட்டையின் ஒரு முனையில் ஈர மண் ஒட்டியிருந்தது, புதிதாக. அதை விரலால் தொட்டு, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். பல் வைத்தியர், எது பழைய சொத்தை, எது புதுசு என்று பார்த்துப் பழகிய மனிதர்.

“மேல அதிகாரியம்மா சொன்னாங்க,” என்றார், நிமிராமலே. “புதுசா வர்றவங்களுக்குக் கட்டதான் கண்ணாம். குறுக்க கெடந்தா அந்தப் பக்கம் போகக் கூடாதாம். இத்தன நாள்ல இத எனக்கு யாரும் சொல்லல. நான் கண்ண மூடி மூடி நெனச்சுப் பாத்திருக்கேன், அன்னிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கட்ட மட்டும் ஞாபகம் இல்ல.”

அவர் எழுந்தார். மனைவியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அந்த நேரத்தில் தலை குனிந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“அன்னிக்கும் இங்க கட்ட இல்ல, இன்னிக்கும் இல்ல. ரெண்டு தடவையும் எடுத்தது யாரு?”